கூலி எவ்வளவு என்பதை விடுங்கள், சாப்பாடு யார் வீட்டில்?

பழைய இங்கிலாந்தின் விவசாயக் கூலியாட்களைப் பற்றி எங்கே படித்தாலும் முதலில் வந்து நிற்பது ஒரு கூலி அட்டவணைதான். 1500 வாக்கில் நாளுக்கு 4 பென்ஸ், 1600ஐத் தாண்டும்போது 8 பென்ஸ், 1700ஐ ஒட்டித் தெற்கு மாவட்டங்களில் 12 பென்ஸ், அதாவது 1 ஷில்லிங். பக்கத்திலேயே தானிய விலை. அது 1500இலிருந்து 1640க்குள் ஐந்தாறு மடங்கு ஏறியிருக்கும், கூலி இரண்டு மூன்று மடங்கோடு நின்றிருக்கும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் ஒரு நாள் உழைப்புக்குக் கிடைத்த ரொட்டி பாதிக்கு வந்துவிட்டது. அப்புறம் என்ன, அரை வயிற்றுக் கஞ்சி, பரிதாப வாழ்க்கை என்று கட்டுரையை முடித்துவிடுவார்கள். அரை வயிற்றோடு ஒருவன் விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை புல்லறுக்க முடியுமா என்ற சின்னக் கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும்.

அந்த அட்டவணைகள் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு அவற்றின் மேல் சந்தேகம் வந்தது இன்னொரு வகைப் பட்டியலைப் பார்த்த பிறகு. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1563இல் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்து நீதிபதிகளும் (சம்பளம் வாங்காத, நிலம் வைத்திருந்த உள்ளூர்ப் பெரிய மனிதர்கள்தான் இந்த நீதிபதிகள்) வருடா வருடம் கூடி, அந்த ஊரில் கூலி இதற்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு போட வேண்டும். அவர்கள் போட்ட பட்டியல்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் கூலிக்கு இரண்டு பத்தி இருக்கும். ஒன்று சாப்பாடும் குடியும் எஜமான் கொடுத்தால் இவ்வளவு, இன்னொன்று கொடுக்காவிட்டால் இவ்வளவு. பெரும்பாலும் இரண்டாவது முதலாவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். அதே ஆள், அதே வயல், அதே வேலை. எஜமான் வீட்டில் சாப்பிட்டால் பாதிப் பணம். அப்படியானால் கூலியில் பாதி வாய் வழியாகவே போய்விடுகிறது, பணக் கணக்கில் ஏறுவதே இல்லை. விலை ஆறு மடங்கு ஏறினாலும் எஜமான் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு அந்த ஏற்றம் நேரடியாக உறைக்காது. உறைப்பது எஜமானுக்குத்தான். கணக்குப் புத்தகத்தில் "8 பென்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தப் பத்தி என்று நாம் ஊகிக்கத்தான் வேண்டும்.

அதே சட்டம் வேலை நேரத்தையும் சொல்கிறது. மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை காலை 5 மணிக்கு வேலையில் இருக்க வேண்டும், மாலை 7க்கும் 8க்கும் இடையில்தான் விடலாம். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, நடுவில் குடிக்க என்று எல்லாம் சேர்த்து அதிகபட்சம் இரண்டரை மணி நேரம். கோடையில் மதியம் அரை மணி தூங்கலாம், அதுவும் இந்த இரண்டரை மணிக்குள்தான். குளிர்காலத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. ஒரு மணி நேரம் காணாமல் போனால் 1 பென்னி பிடித்தம். சட்டத்தில் இருந்ததெல்லாம் வயலில் நடந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் சட்டம் எழுதியவர்கள் ஒரு முழு நாள் என்று எதை நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

சரி, என்ன சாப்பிட்டார்கள்?

பெர்க்‌ஷயரில் ஹார்வெல் என்ற ஊரில் ராபர்ட் லோடர் என்று ஒரு விவசாயி. 1610 முதல் 1620 வரை அவர் எழுதிய பண்ணைக் கணக்கு இருக்கிறது. மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை. எந்த வயலில் எவ்வளவு விளைந்தது, சாணம் என்ன விலை, குதிரை எவ்வளவு தின்றது என்பதோடு வேலையாட்களின் சாப்பாட்டையும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்து வயிறெரிகிறார். வருடக் கூலியைவிட அந்த ஆள் தின்பதுதான் அதிகம் என்று அவருக்குத் தெரிந்துபோகிறது. வேலைக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் எஜமானிடம் கண்கட்டு வித்தை காட்டித் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு இடத்தில் புலம்பியும் வைத்திருக்கிறார். எனக்கு இந்தப் புலம்பல் ரொம்பப் பிடித்தது. பட்டினி போடுகிற எஜமான் சாப்பாட்டுச் செலவைப் பற்றி இப்படிப் புலம்ப மாட்டான்.

இன்னொருவர் ஹென்றி பெஸ்ட். யார்க்‌ஷயரின் கிழக்குப் பகுதியில் எல்ம்ஸ்வெல் ஊர்க்காரர். 1640களின் தொடக்கத்தில் தன் மகனுக்குப் பயன்படட்டும் என்கிற மாதிரி பண்ணை நடத்தும் முறையை எழுதிவைத்தார். எந்த மாவு யாருக்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்குக் கோதுமை. வேலையாட்களின் பழுப்பு ரொட்டிக்கு ரை என்ற மட்டத் தானியம், பட்டாணி, பார்லி மூன்றையும் கலந்து அரைத்த மாவு. அவர்களுடைய புட்டிங்குக்கு (மாவில் வேகவைத்த பண்டம்) பார்லி. ஆனால் அறுவடைக் காலத்தில் மட்டும் கோதுமை புட்டிங். ஒரே வீட்டு அடுப்பில் வேகிற மாவில்கூட யார் யார் என்ன தரம் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். அறுவடை நான்கைந்து வாரத்துக்கு மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் அழிகிறது. பெஸ்ட் இளகிய மனசுக்காரர் என்பதால் அழியவில்லை. மழைக்கு முன்னால் கதிர் வீடு வந்து சேர வேண்டும், அந்த நேரத்தில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் அழிந்தது.

ரொட்டிக்கு அடுத்தபடியாக உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, சீஸ், பட்டாணிக் கூழ். பீரைக் குடியாகப் பார்க்கக் கூடாது, அதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். தினப்படி குடித்தது லேசான பீர், சின்னப் பிள்ளைகளும் குடித்தார்கள். அறுவடையில் ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன், அதாவது நாலரை லிட்டர் கொடுப்பது சாதாரணம். அதில் இருக்கும் பார்லியின் சத்தைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் ஒருவனின் உணவில் ஒரு பெரிய துண்டையே விட்டுவிட்ட மாதிரி. வடக்கே போனால் படம் மாறும். அங்கே ஓட்ஸ் கூழும் ஓட்ஸ் ரொட்டியும் பாலும்தான் பிரதானம். மொத்தத்தில் எத்தனை கலோரி என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய சண்டை. தலைக்கு 2,000 சொச்சம் என்பவர்களும் உண்டு, உழைக்கும் ஆளுக்கு 4,000க்கு மேல் என்பவர்களும் உண்டு. நாட்டின் மொத்த விளைச்சலைத் தலைக்கு வகுப்பவர்களுக்குக் குறைந்த எண் வருகிறது, பண்ணை வீடுகளின் சாப்பாட்டுச் செலவைப் படிப்பவர்களுக்குப் பெரிய எண் வருகிறது. இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் 15 வயதிலிருந்து 24 வரையிலான இளசுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வேறொருவர் வீட்டில் வருட ஒப்பந்தத்தில் வேலையாளாக இருந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு. ஆணும் பெண்ணும். வடக்கே நவம்பர் 11, மார்ட்டின்மஸ் திருநாள். தெற்கே பெரும்பாலும் செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாள். அன்றோடு வருடம் முடியும், கூலியை மொத்தமாக வாங்கிக்கொண்டு, சந்தையில் நின்று அடுத்த எஜமானைப் பிடிப்பார்கள். ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் கையில் ஒரு காசு. ஆட்டிடையன் தொப்பியில் கொஞ்சம் கம்பளி, வண்டிக்காரன் சாட்டைக் கயிறு செருகிக்கொண்டு நிற்பதும் உண்டு. படுக்கை எஜமான் வீட்டிலோ லாயத்து மாடியிலோ. சாப்பாடு எஜமான் வீட்டில். சமையலுக்கு விறகு, உப்பு, மாவு, பாத்திரம் எதுவும் இவர்கள் கவலை இல்லை.

பிறகு கல்யாணம். ஆண்களுக்குச் சராசரியாக 27, 28 வயதில், பெண்களுக்கு 25, 26இல். கல்யாணம் ஆனவன் பொதுவாக வீட்டு வேலையாளாக இருக்க முடியாது. குடிசை பிடிக்க வேண்டும், நாள் கூலிக்குப் போக வேண்டும். பட்டியலின் முதல் பத்தியிலிருந்து இரண்டாம் பத்திக்கு வந்துவிடுகிறான். இப்போது அவன் தின்கிற ரொட்டி சந்தை விலையில் வருகிறது. சில வருடங்களில் மூன்று நான்கு குழந்தைகள், மனைவி வெளிவேலைக்குப் போக முடியாத நிலை. 22 வயதில் வாரத்தில் பல நாள் இறைச்சி தின்றவன் 35 வயதில் ஒரு துண்டு பன்றி இறைச்சியை மூன்று தடவை வேகவைக்கிறான். பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதில் அடுத்தவர் வீட்டுக்கு வேலைக்குப் போனதும் மறுபடி கொஞ்சம் மூச்சு வரும். இப்படி ஒரே ஆயுளில் இரண்டு மூன்று வாழ்க்கைத்தரம் இருக்கும்போது, "விவசாயத் தொழிலாளியின் வாழ்க்கைத்தரம்" என்று ஒற்றை எண்ணைத் தேடி என்ன பயன்? எந்த வயதுக்காரன், எந்த வீட்டுச் சாப்பாடு என்று கேட்காமல் பதில் வராது.

வேலை எப்படி இருந்தது என்பதற்கு வேலை செய்தவர்களே எழுதியது ரொம்பக் குறைவு. ஸ்டீபன் டக் அந்த வகையில் அபூர்வம். வில்ட்‌ஷயரில் கதிரடிக்கும் கூலியாள். 1730இல் அவர் கவிதை அச்சாகிப் பெரிய பெயர் வாங்கியது. கதிரடிப்பு என்றால் அறுவடை முடிந்த பிறகு குளிர்காலம் முழுக்க மூடிய கொட்டகைக்குள் கோலால் அடித்துக்கொண்டே இருப்பது. பேச்சுக்கொடுக்க முடியாது, சத்தம் அமுக்கிவிடும். பட்டாணி அடிக்கும் நாட்களில் கருப்புத் தூசி முகமெல்லாம் படிந்து, வீட்டுக்குப் போனால் சொந்தப் பிள்ளையே பயந்து ஓடுகிறது என்கிறார். இவ்வளவுக்கும் பிறகு தானியத்தை அளக்கும் நாளில் எஜமான் வந்து இவ்வளவுதானா, எங்கே தூங்கினீர்கள் என்று திட்டுகிறான். அறுவடை விருந்தையும் டக் விடவில்லை. வயிறு நிறைய இறைச்சி, பீர், எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு, மறுநாள் காலை அதே கோல், அதே கொட்டகை.

அந்தக் கவிதையில் டக் பெண்களைக் கொஞ்சம் நக்கலடித்திருந்தார். அறுத்த புல்லை உலர்த்த வந்தவர்கள் வேலையைவிட வாயைத்தான் அதிகம் ஆட்டுகிறார்கள் என்று. அதற்கு 1739இல் மேரி கோலியர் என்ற துணி துவைக்கும் பெண் கவிதையிலேயே பதில் கொடுத்தார். ஹாம்ப்‌ஷயர்க்காரர். பதில் சரியான சூடு. நீங்கள் வேலை முடிந்து வந்து உட்காருகிறீர்கள். நாங்கள் அதே வயலிலிருந்து வந்து படுக்கை விரித்து, பன்றிக்குத் தீனி வைத்து, பானையில் பன்றி இறைச்சியும் மாவு உருண்டையும் வேகவைத்து, உங்களுக்குப் போட்டு, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டும், எங்களுக்குக் கனவு காணக்கூட நேரம் இல்லை என்கிறார். குடிசைச் சாப்பாட்டில் ஒரு பெண்ணின் இரவு நேரம் போய்க்கொண்டிருந்தது, எந்தக் கூலி அட்டவணையிலும் அது கிடையாது. லோடரின் கணக்கில்கூட மாவுக்கு விலை உண்டு, பிசைந்த கைக்குத் தனியாக இல்லை.

கெட்ட வருடங்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் இறைச்சி தின்றுகொண்டு சுகமாக இருந்தது போல ஆகிவிடும். 1594இலிருந்து தொடர்ந்து நான்கு விளைச்சல் மோசம். 1597இல் வடக்கே மக்கள் செத்தார்கள். 1623இல் மறுபடி. கம்பர்லாந்தில் கிரேஸ்டோக் ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் அந்த வருடம் புதைக்கப்பட்டவர்கள் சிலருக்கு எதிரே, உண்ண உணவும் பிழைக்க வழியும் இல்லாமல் செத்தார்கள் என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். பட்டினியில் வாடிய பிச்சைக்காரப் பையன் என்று பெயரோடு ஒரு பதிவு. வருட ஒப்பந்தத்தில் இருந்தவனுக்கு அந்த வருடம் தப்பிக்க வழி இருந்தது. சாப்பாடு குறைவாகவாவது வரும். ஒப்பந்தம் கிடைக்காதவனுக்கு, சாப்பாட்டுச் செலவு தாங்காமல் எஜமான் துரத்திவிட்டவனுக்கு, ரோடுதான்.

1650க்குப் பிறகு நூறு வருடம் நிலைமை தேவலை. மக்கள்தொகை ஏறவில்லை, தானியம் மலிவு, கூலி மெல்ல ஏறியது. கூலியாட்கள் செத்தபிறகு எடுத்த சொத்துப் பட்டியல்களில் (கொஞ்சம் சொத்து இருந்தவனுக்குத்தான் பட்டியல் எடுப்பார்கள், அதையும் மனதில் வைக்க வேண்டும்) கட்டில், விரிப்பு, ஈயத் தட்டு, பித்தளைப் பானை எல்லாம் கூடுகிறது. ஒரு பசு, ஒரு பன்றி, பொது நிலத்தில் மேய்ச்சல், பொறுக்கிய சுள்ளி. அறுவடை முடிந்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் கதிர் பொறுக்கினால் சில வாரத்து மாவு.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. பொது நிலங்களை வேலிபோட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டங்கள் 1750களுக்குப் பிறகு வரிசையாக வந்தன. பசு போனது, சுள்ளி போனது. கதிர் பொறுக்குவது சட்டப்படி உரிமை அல்ல என்று 1788இல் லண்டன் நீதிமன்றம் ஒரு சஃபோக் வழக்கில் தீர்ப்பளித்தது. (அதற்குப் பிறகும் பல ஊர்களில் பெண்கள் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு கதை.) கை நூற்பு வருமானத்தை எந்திரம் சாப்பிட்டது.

டேவிட் டேவிஸ் என்ற பாதிரியார், லோடர் வாழ்ந்த அதே பெர்க்‌ஷயரில் பார்க்கம் என்ற ஊர். 1787இல் தன் ஊர்க் கூலிக் குடும்பங்களின் வாரச் செலவை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார், 1795இல் வெளியிட்டார். முதல் குடும்பம்: கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள். மாவு 6 ஷில்லிங் 3 பென்ஸ். ஈஸ்ட்டும் உப்பும் 4 பென்ஸ். பன்றி இறைச்சி 1 பவுண்டு எடை, கீரையோடு இரண்டு மூன்று தடவையாக வேகவைக்க, 8 பென்ஸ். அந்தத் தண்ணீரில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிள்ளைகளுக்கு. தேயிலை 1 அவுன்ஸ் 2 பென்ஸ். சர்க்கரை 6 பென்ஸ், வெண்ணெய் 4 பென்ஸ். சோப்பு, மெழுகுவர்த்தி, நூல் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 8 ஷில்லிங் 11¼ பென்ஸ். வரவு, அவன் 8 ஷில்லிங், அவள் 6 பென்ஸ். வாரம் 5¼ பென்ஸ் துண்டு விழுகிறது. வாடகை, துணி, விறகு இதில் சேரவே இல்லை. ஏழு பேருக்கு வாரத்துக்கு ஒரே பவுண்டு இறைச்சி, செலவில் பத்துக்கு ஏழு பங்கு மாவு. பீர் என்ற வார்த்தையே இல்லை.

இந்த 2 பென்ஸ் தேயிலையைக் காட்டித்தான் அன்றைய பெரிய மனிதர்கள் ஏழைகளைத் திட்டினார்கள். டீ குடித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று. டேவிஸ் அதற்குச் சொன்ன பதில் இன்னும் அப்படியே நிற்கிறது: டீ இவர்களுடைய கஷ்டத்துக்குக் காரணமில்லை, கஷ்டத்தின் விளைவு. பீருக்கான மால்ட்டுக்கு (முளைகட்டி உலர்த்திய பார்லி) வரி, அதனால் வீட்டில் பீர் காய்ச்சக் கட்டுப்படியாகவில்லை. பால் விலைக்குக் கிடைப்பதில்லை. மிச்சம் சுடுதண்ணீரும் நாலு இலையும். அதே மாவட்டத்தில் 1795 மே மாதம் ஸ்பீன்ஹாம்லாண்டில் ஒரு விடுதியில் கூடிய நீதிபதிகள், கூலியை ரொட்டி விலையோடு கட்டினார்கள். 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவான ரொட்டி 1 ஷில்லிங் விற்றால் ஆணுக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை ஷில்லிங் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், குறைந்தால் ஊர் வரியிலிருந்து கொடுக்க வேண்டும்.

இதற்குள் தெற்கிலும் கிழக்கிலும் விவசாயிகள் வேலையாட்களை வீட்டில் வைத்துச் சோறுபோடுவதை விட ஆரம்பித்துவிட்டார்கள். தானிய விலை ஏறும்போது சாப்பாடு போடுவதைவிடக் காசு கொடுப்பது லாபம். போதாததற்கு, முழு வருடம் வேலை செய்த மணமாகாத ஆளுக்கு அந்த ஊர் வரியிலிருந்து உதவி கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதால் 51 வாரத்துக்கு ஆள் எடுக்கும் தந்திரமும் நடந்தது. 1825இல் வில்லியம் காபெட் என்ற எழுத்தாளர் லண்டனுக்குத் தெற்கே ரெய்கேட் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் நின்று இதைக் கேட்டார்: ஏன் இப்போது இவர்கள் ஆட்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவதில்லை? கூலியாகக் கொடுக்கிற அந்தக் காசுக்கு வீட்டில் வைத்துச் சோறுபோட முடியாது, அதனால்தான் என்று பதிலையும் அவரே சொன்னார். காபெட்டுக்குப் பழைய காலம் என்றாலே ஒரு மயக்கம் உண்டு, எஜமான் வீட்டில் இருந்தவனுக்குச் சொந்த நேரம் என்று ஒன்று இருந்ததில்லை என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. ஆனால் இந்தக் கணக்கில் தப்பில்லை.

வடக்கே அப்படி ஆகவில்லை. பக்கத்திலேயே ஆலைகளும் துறைமுகமும் ஆளை இழுத்ததால் நல்ல ஆளைக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. ஹென்றி பெஸ்ட்டின் அதே கிழக்கு யார்க்‌ஷயரில் 19ஆம் நூற்றாண்டு தாண்டியும் மார்ட்டின்மஸ் சந்தை நடந்தது, பையன்கள் பண்ணையிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள். அங்கே ஒரு பண்ணையைப் பற்றி அவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டவற்றில் முக்கியமானது சாப்பாடு நல்லா இருக்குமா என்பது. மோசமான சாப்பாடு என்று பெயர் வாங்கிய பண்ணைக்குச் சந்தையில் ஆள் கிடைப்பது கஷ்டம்.